வாட்டர்லூ வாள் என்று 950 பவுண்டு கேட்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: கிழக்கு லண்டனில் இருக்கிறேன். கென்ட் பக்கம் ஒரு பழம்பொருள் சந்தையில் பிரிட்டிஷ் குதிரைப்படை வாள் ஒன்றைப் பார்த்தேன். வாட்டர்லூ போரில் பயன்பட்டது என்று சொல்லி கடைக்காரர் 950 பவுண்டு கேட்கிறார். கையை மறைக்கும் காப்பில் மூன்று இரும்புக் கம்பிகள். கைப்பிடியின் இரண்டு பக்கமும் தோல் வைத்து ரிவெட் அடித்திருக்கிறது. அலகின் முதுகில் ‘ரீவ்ஸ்’ என்று பெயர். இரும்பு உறையில் இரண்டு வளையங்கள். படங்கள் இணைத்திருக்கிறேன். இது அசலா? விலை சரியா? வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்:

அந்த வாள் வாட்டர்லூவுக்குப் போயிருக்க வாய்ப்பே இல்லை. போர் நடந்தது 1815 ஜூன் 18. உங்கள் படத்தில் இருப்பது 1853 மாடல் சிப்பாய் வாள். போர் முடிந்து நாற்பது வருஷம் ஆகப்போகும் நேரத்தில் வந்த சரக்கு. ஆனால் அதைப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். படத்தில் பார்த்த வரைக்கும் வாள் நல்ல பழைய வாள்தான், கடைக்காரர் சொல்லும் கதையைத்தான் நம்ப முடியாது. அந்தக் கதைக்கு எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார் என்பதைக் கண்டுபிடித்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

1853 என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? ரிவெட்டைப் பாருங்கள். அதற்கு முந்தைய வாள்களில் அலகின் அடிப்பகுதி ஒரு கம்பி போல ஒடுங்கி, மரக் கைப்பிடிக்குள் துளை வழியாகப் போய், உச்சியில் எட்டிப் பார்க்கும். அந்த முனையைச் சுத்தியலால் தட்டிப் பரப்பி இறுக்கிவிடுவார்கள். 1853 மாடலில் அந்த இரும்பு ஒடுங்குவதே இல்லை. கைப்பிடியின் முழு அகலத்துக்கும் தட்டையாக வந்து, இரண்டு பக்கமும் அழுத்திய தோல் பட்டைகளை வைத்து, குறுக்கே ரிவெட் அடித்திருக்கும். கைப்பிடியின் முதுகைத் தடவினால் தோலுக்கு நடுவே இரும்பு ஓடுவது விரலுக்குத் தெரியும். பர்மிங்காமின் சார்ல்ஸ் ரீவ்ஸ் கொண்டுவந்த முறை இது. உங்கள் வாளின் முதுகில் இருக்கும் பெயரும் அவருடையதே. மூன்று கம்பிக் காப்பு 1821 மாடல் இலகு குதிரைப்படை வாளிலும் உண்டு. அதிலோ கைப்பிடி மரத்தில் செய்து தோல் சுற்றியிருக்கும், பின்பக்கம் முழுக்க இரும்புத் தகடு மூடியிருக்கும், பக்கத்தில் தோல் பட்டைக்கு ரிவெட் இருக்காது. எப்படிப் பார்த்தாலும் 1815-க்கு முன்னால் மூன்று கம்பிக் காப்போடு பிரிட்டிஷ் சிப்பாய்க்கு வாள் கொடுக்கவில்லை.

இதைச் சொன்னதும் கடைக்காரர் ‘அப்படியானால் கிரிமியப் போர் வாள்’ என்று மாற்றிச் சொல்லக்கூடும். 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் நடந்த புகழ்பெற்ற குதிரைப்படைத் தாக்குதலின்போது புதிய வாள் இன்னும் எல்லாப் படைப்பிரிவுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. சிலர் கையில் 1853, சிலர் கையில் பழைய 1821. அதன் பிறகும் இந்த வாள்கள் பல வருஷம் தயாராகிக்கொண்டே இருந்தன. கணிசமானவை அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களின் படைக்குக் கப்பலேறின. ஆகவே கைக்காப்பிலோ உறையிலோ படைப்பிரிவின் முத்திரை இல்லாத 1853 வாளைக் கிரிமியாவோடு முடிச்சுப்போடுவது வெறும் ஆசை. ‘தென் மாநிலப் படையின் வாள்’ என்று யாராவது சொன்னாலும் அதே எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கச் சந்தையில் அந்தப் பெயருக்குத் தனி விலை என்பதால் அதற்கான எழுத்துகளைப் பிற்பாடு குத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நிஜமாகவே வாட்டர்லூ காலத்து வாள் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இனி நீங்கள் போகும் ஒவ்வொரு சந்தையிலும் இந்தச் சொல் காதில் விழும்.

அந்தக் காலத்தில் இரண்டு மாடல்கள், இரண்டுமே 1796-ஐச் சேர்ந்தவை. ஒன்று இலகு குதிரைப்படைக்கு, மற்றது கனரகக் குதிரைப்படைக்கு. இலகு வாளை உருவாக்கியவர் ஜான் காஸ்பர் லெ மார்ஷன்ட் என்ற அதிகாரி. 1790-களில் ஃபிளாண்டர்ஸ் போர்முனையில் பிரிட்டிஷ் குதிரை வீரர்கள் சொந்தக் குதிரையையும் தங்களையுமே வெட்டிக்கொள்ளும் அவலத்தைப் பார்த்துவிட்டு வந்து, பர்மிங்காம் வாள் உற்பத்தியாளர் ஹென்றி ஆஸ்பர்னோடு உட்கார்ந்து புது வாளை வடிவமைத்தார், வாள் பயிற்சி முறையையும் எழுதினார். 1812-இல் ஸ்பெயினின் சலமாங்காவில் கனரகக் குதிரைப்படையை முன்னின்று நடத்தும்போது இறந்தார். அவர் வாளை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. நன்றாக வளைந்த அலகு, நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 33 அங்குலம். நுனியை நோக்கிப் போகப் போக அகலம் கூடும், முடிவில் கோடாலி போல் வெட்டி நிறுத்தியிருக்கும். காப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை, குதிரைச் சேணத்தின் அங்கவடி போல் ஒரே ஒரு வளைந்த பட்டை. கைப்பிடியின் பின்தகட்டிலிருந்து இரண்டு ‘காதுகள்’ இறங்கி நடுவில் ஒரு ஆணியால் பிடித்திருக்கும். இந்த வடிவம் பிரஷ்யாக்காரர்களுக்கு மிகவும் பிடித்துப்போய் 1811 மாடலாகத் தாங்களே செய்துகொண்டார்கள்.

கனரக வாள் நேரானது, 35 அங்குல அலகு, ஆஸ்திரிய வாளைப் பார்த்துச் செய்தது. துளையிட்ட வட்டத் தகடுதான் அதன் காப்பு. வாட்டர்லூவுக்கு முன்னால் பல வாள்களின் கோடாலி நுனியை ஈட்டி போலச் சாணை பிடித்தார்கள். இடுப்பில் தொங்கும்போது உடையில் உரசுகிறது என்பதற்காகத் தகட்டின் உள்பக்க விளிம்பையும் சீவினார்கள். ஸ்காட்ஸ் கிரேஸ் படைப்பிரிவின் சார்ஜென்ட் சார்ல்ஸ் எவர்ட் பிரெஞ்சு 45-ஆவது ரெஜிமென்ட்டின் கழுகுக் கொடியைப் பிடுங்கிய அன்று அந்தப் படைப்பிரிவின் கையில் இருந்தது இந்த மாடல்தான். நம் ஊர் ஆட்களுக்கு இந்தக் காலகட்டம் ஒன்றும் அந்நியமில்லை. 1806 ஜூலை 10 வேலூர் எழுச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி ஓட்டிக்கொண்டு வந்தது 19-ஆவது இலகு டிராகூன் குதிரைப்படையை. இலகு வாள் யுகத்தின் படை அது.

இலகு வாளைப் பற்றி இன்னொரு சேதி. பாலக்லாவாவில் அந்தக் குழப்பமான கட்டளையைக் கொண்டுபோய், தாக்குதலில் முதல் ஆளாக விழுந்த கேப்டன் நோலன், அதற்கு முந்தைய வருஷம்தான் குதிரைப்படை பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதில், ஹைதராபாத் நிஜாமின் குதிரை வீரர்கள் கை கால்களைத் துண்டாக்கும் அளவுக்கு வெட்டுவதைக் கேள்விப்பட்டு, அவர்கள் வாளில் என்ன அதிசயம் என்று விசாரித்ததைச் சொல்கிறார். பிரிட்டிஷ் படை கழித்துப்போட்ட பழைய அலகுகளுக்கே அவர்கள் உள்ளூர்க் கைப்பிடி போட்டிருந்தார்கள். தீட்டித் தீட்டிச் சவரக் கத்தி போல் வைத்து, மர உறையில் போட்டு, தேவைப்பட்டால் தவிர உருவுவதில்லை. பிரிட்டிஷ் சிப்பாயின் வாள் இரும்பு உறைக்குள் நாள் முழுக்க உரசி மழுங்கிக்கொண்டிருந்தது. இந்த வரலாறு தெரியாமல், இந்தியக் கைப்பிடி மாட்டிய 1796 அலகைப் பார்த்ததும் ‘ஒட்டுப்போட்டது’ என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதில் சில நேர்மையான போர்வாள்கள்.

1821-க்குப் பிறகு சந்தையில் அதிகம் கண்ணில் படுபவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1864-இல் கம்பிக் காப்பு போய், மால்டா சிலுவை வடிவத்தில் துளை வெட்டிய தகட்டுக் கிண்ணம் வந்தது. 1882, 1885, 1890 எல்லாம் அந்தக் குடும்பம். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், அளவெடுத்தும் முத்திரை படித்தும்தான் பிரிக்க வேண்டும். 1880-களில் சூடானில் பயனெட்டும் வாளும் வளைந்து போகின்றன என்று இங்கிலாந்தில் பெரிய கூச்சல் எழுந்து, இருப்பில் இருந்தவற்றை மறுபடி சோதித்தார்கள். அதனால் அந்தக் காலத்து அலகுகளில் சோதனை முத்திரை கொஞ்சம் கூட்டமாகவே இருக்கும். 1899-இல் சிலுவை இல்லாத வெறும் கிண்ணம். 1908-இல் வெட்டும் எண்ணத்தையே கைவிட்டு, குத்துவதற்கென்றே ஒடுங்கிய நேரான 35 அங்குல அலகு, துப்பாக்கிப் பிடி போல் வளைந்த கைப்பிடி, கட்டைவிரலுக்கு ஒரு குழி, பெரிய கிண்ணம் என்று முற்றிலும் வேறு வாள் வந்தது. அதன் அதிகாரி வடிவம் 1912. கொடி வேலைப்பாடு செய்த கிண்ணம், மீன்தோல் கைப்பிடியில் வெள்ளிக் கம்பி. 1908 வாளுக்கு இந்தியப் படைகளுக்கென்று சிறிய கைப்பிடியோடு தனி வடிவமும் உண்டு. வாளை மாடல் பார்த்து மதிக்கிறவன் என்ற முறையில் என் கருத்து: முதல் வாள் வாங்குகிறவருக்கு 1908-ஐ விடச் சிறந்த தேர்வு கிடையாது. ஏராளமாகச் செய்தார்கள், முத்திரைகள் தெளிவாக இருக்கும், மோசடிக்கு லாபம் குறைவு.

இனி உங்கள் வாளுக்கு வருவோம். சந்தைக்கு மறுபடி போகும்போது ஒரு துணி அளவுநாடா, சின்ன டார்ச், பூதக்கண்ணாடி மூன்றும் எடுத்துச் செல்லுங்கள். தொடுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். நல்ல வியாபாரி மறுக்க மாட்டார்.

முதலில் உறையிலிருந்து உருவும்போதே கவனிக்க வேண்டும். அசல் ஜோடியாக இருந்தால் அலகு கடைசி வரை சீராக வழுக்கிக்கொண்டு வரும், திரும்பப் போடும்போது வாயில் கவ்விப் பிடிக்கும். பாதியில் முட்டினால் உறையில் எங்கோ நசுங்கல் இருக்கிறது, இல்லாவிட்டால் உறை வேறு வாளுடையது. வளைவும் நீளமும் பொருந்தாத உறையைத் திணித்து விற்பது சர்வ சாதாரணம். உறை மாறியிருந்தாலும் வாள் வாங்கத்தக்கதுதான், ஆனால் விலை அதற்கேற்ப இறங்க வேண்டும்.

அடுத்து நீளம். காப்பு தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரைக்கும் நேர்கோட்டில் அளங்கள், வளைவோடு நாடாவை ஓட்டாதீர்கள். 1853-க்கு 35 அங்குலத்துக்குச் சற்றுக் கூட வர வேண்டும். 33 வந்தால் நுனி உடைந்து மறுபடி சாணை பிடித்திருக்கிறார்கள். இதை உறுதிசெய்ய அலகின் பக்கவாட்டில் ஓடும் பள்ளத்தைப் பாருங்கள். அசலில் அந்தப் பள்ளம் நுனிக்கு நன்றாக முன்னாலேயே மெல்லக் கரைந்து முடியும். நுனியை ஒட்டி வந்து முடிந்தால் குட்டையாக்கிய வாள்.

பிறகு அலகை முதுகுப்பக்கமாகத் திருப்பிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். காப்பருகே தடிமனாகத் தொடங்கி நுனி வரை படிப்படியாக மெலிந்துகொண்டே போக வேண்டும். 1796 இலகு வாளில் அடியில் 9 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் முதுகு, நுனியருகே 2 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். போலிகளைப் பிடிக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. இன்றைக்கு அலங்காரத்துக்குச் செய்யும் வாள்களில் ஒரே தடிமன் தகட்டை வெட்டி, விளிம்பைத் தேய்த்துவிடுகிறார்கள். அடியிலும் நுனியிலும் ஒரே கனம். கையில் எடுத்தவுடன் நுனி தரையை நோக்கி இழுக்கும். அசல் வாள் எடையுள்ளதாக இருந்தாலும் கையில் உயிரோடு இருக்கும். டேராடூன் போன்ற ஊர்களில் மாதிரி வாள்கள் செய்யும் பெரிய தொழிற்கூடங்கள் இருக்கின்றன. அவர்கள் புது வாள் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், குற்றம் அவர்களுடையதில்லை. இடையில் யாரோ அமிலம் ஊற்றித் துருவேற்றி, பெயரைத் தேய்த்துவிட்டு, பழசு என்று கை மாற்றுகிறார்கள். அமிலத் துரு எல்லா இடத்திலும் ஒரே சீராக, சல்லடைக் கண் போல நெருக்கமாக இருக்கும். வயதால் வந்த துரு அப்படி வராது. உறையின் வாய்ப்பக்கம் ஈரம் தங்குகிற இடத்தில் ஆழமாக, எண்ணெய் நின்ற இடத்தில் லேசாக, யாரோ கை வைத்துப் பார்த்த இடத்தில் ரேகை வடிவத்தில் என்று ஒழுங்கில்லாமல் இருக்கும்.

கைப்பிடிக்கு நேரம் கொடுங்கள், பெரும்பாலான தில்லுமுல்லு இங்கேதான். கைப்பிடி உச்சியில் அலகின் முனை தட்டிப் பரப்பிய இடம் தெரிந்தால் அது பழுப்பேறி, சுற்றியுள்ள இரும்போடு ஒரே நிறமாக இருக்க வேண்டும். அங்கே பளபளப்போ, புது அரத்தின் கீறலோ, சுத்தியல் தழும்போ தெரிந்தால் வாளை எப்போதோ பிரித்துக் கோத்திருக்கிறார்கள். திருகு நட்டு தெரிந்தால் பேச்சே வேண்டாம், கீழே வைத்துவிட்டு நகருங்கள். உங்கள் 1853-இல் ரிவெட் தலைகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தோலும் ரிவெட்டும் சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும். தேய்ந்த தோலில் முழு உயரத்துக்கு ரிவெட் தலை நீட்டிக்கொண்டிருந்தால் அது பின்னாளில் அடித்தது. தோல் சுருங்கி இரும்பின் விளிம்பு வெளியே தெரிவது இந்த மாடலில் சகஜம், அதைக் குறையாக நினைக்க வேண்டாம். தோல் மொத்தமாகப் புதிதாக இருந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள். காப்பு ஆடுகிறதா என்றும் லேசாக அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடலாம், கடகடவென்று ஆடினால் விலையில் அதற்கு இடம் கேளுங்கள்.

முத்திரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அகன்ற அம்புக்குறி என்றால் அரசு உடைமை. கிரீடமும் அதன்கீழ் எண்ணும், பிற்காலத்தில் எழுத்தும் சேர்ந்திருந்தால் பரிசோதகரின் முத்திரை. அதில் எழுத்து ‘பி’ என்றால் பர்மிங்காம், ‘ஈ’ என்றால் என்ஃபீல்டு. பெருக்கல் குறி இருந்தால் அலகை வளைத்துப் பார்க்கும் சோதனையில் தேறியிருக்கிறது. இரண்டு அம்புக்குறிகள் முனையோடு முனை முட்டிக்கொண்டிருந்தால் படையிலிருந்து கழித்து விற்றிருக்கிறார்கள், அது குறையே இல்லை. ‘ஐ எஸ் டி’ என்ற எழுத்துகளும் அம்பும் இருந்தால் இந்தியக் கொள்முதல் துறை வழியாக வந்தது. படைப்பிரிவு முத்திரைகளில் எண்ணுக்குப் பிறகு ‘எல்’ வந்தால் லான்சர், ‘எச்’ வந்தால் ஹுஸார், ‘டி ஜி’ வந்தால் டிராகூன் கார்ட்ஸ், ‘ஒய்’ வந்தால் யோமன்ரி எனப்படும் தன்னார்வக் குதிரைப்படை. உறையிலும் காப்பிலும் ஒரே படைப்பிரிவும் ஒரே ஆயுத எண்ணும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விலையில் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கலாம். முத்திரை என்பது இரும்பில் குத்தியது. அதன் பள்ளத்துக்குள்ளும் சுற்றிலும் ஒரே வயதுத் துரு இருக்க வேண்டும். துருவின் மேலே பளிச்சென்று கிழித்த மாதிரி எழுத்து தெரிந்தால் நேற்று குத்தியது.

ரீவ்ஸ் தவிர 1853 வாள்களில் மோல் என்ற பர்மிங்காம் நிறுவனத்தின் பெயரும், ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துத் தயாரிப்பாளர்களின் பெயரும் வரும். சோலிங்கன் என்று பார்த்ததும் பிரிட்டிஷ் வாள் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஜார்ஜ் மன்னர் காலத்திலிருந்தே பிரிட்டிஷ் படைக்கு அங்கிருந்து அலகு வந்துகொண்டுதான் இருந்தது.

அதிகாரிகளின் வாள் என்றால் கணக்கே வேறு. அதிகாரி தன் சொந்தக் காசில் வாங்குவார், அதனால் அரசு முத்திரை இருக்காது. செதுக்கு வேலைப்பாடு, மன்னர் பெயரெழுத்து, சில சமயம் சொந்தப் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். மன்னர் பெயரெழுத்து காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ‘வி ஆர்’ என்றால் விக்டோரியா, ‘ஜி வி ஆர்’ என்றால் ஐந்தாம் ஜார்ஜ். அலகில் பெரிதாக இருக்கும் கடைப்பெயர் பெரும்பாலும் சீருடை தைத்த தையற்கடையுடையது, செய்தவர் வேறு. இந்த வகையில் வில்கின்சன் என்ற நிறுவனத்தின் வாள் தனி ராஜ்ஜியம். 1854-இலிருந்து அவர்கள் அதிகாரி வாள்களுக்கு வரிசை எண் போட்டுப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். அலகின் முதுகில், காப்பை ஒட்டி அந்த எண் இருக்கும். பதிவேட்டில் தேடினால் செய்த தேதியும், பல நேரம் முதலில் வாங்கிய அதிகாரியின் பெயரும் கிடைக்கும். பெயர் கிடைத்து, அவர் எங்கே போரிட்டார் என்பதும் தெரிந்துவிட்டால் அதே வாளின் விலை இரண்டு மூன்று மடங்காகும். எண்ணை வாங்குமுன் குறித்துக்கொண்டு வந்து தேடுவது புத்திசாலித்தனம், வாங்கின பிறகு தேடுவது வெறும் அதிர்ஷ்டம். அலகில் பதித்த பித்தளைப் பொட்டைச் சுற்றி ஆறுமுனை நட்சத்திரம் இருந்தால் அது அவர்களின் முதல்தரச் சரக்கு.

விலை. நான் பார்க்கிற வரைக்கும் இங்கிலாந்துச் சந்தையில், உறையோடு, சுமாரான நிலையில், 1908 சிப்பாய் வாளும் 1885 முதல் 1899 வரையிலானவையும் 250 முதல் 450 பவுண்டு. 1853 ஏறக்குறைய 400 முதல் 700. 1796 இலகு சிப்பாய் வாள் 500-இல் தொடங்கி ஆயிரத்தைத் தொடும். 1796 கனரக வாள் 1,500-க்குக் கீழே கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகப்படுங்கள். ஒரு பிரபலத் தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகன் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்ததிலிருந்து அதற்கு மவுசும் கூடியது, போலியும் கூடியது.

இந்த எண்களைக் கடைக்காரர்கள் இணையத்தில் போட்டிருக்கும் விலையோடு ஒப்பிடாதீர்கள். அது கேட்கும் விலை. ஏலத்தில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். பெரும்பாலான ஏல நிறுவனங்கள் பழைய முடிவுகளை இலவசமாகக் காட்டுகின்றன. அதிலும் ஒரு கூட்டல் கணக்கு உண்டு. சுத்தியல் 500-இல் விழுந்தால், வாங்குபவர் தரகு 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 125, அந்தத் தரகின் மேல் 20 சதவீத வரி 25, ஆக உங்கள் கையிலிருந்து போவது 650. வீட்டுக்கு அனுப்பும் கூலி தனி. நேரில் பார்த்து, தொட்டு, பேரம் பேசி 550-க்கு வாங்கினால் ஏலத்தைவிட லாபம்.

நிலையைப் பொறுத்து விலை எப்படி ஆடும் என்பதில் புதியவர்கள் தலைகீழாக யோசிக்கிறார்கள். கண்ணாடி போல் மின்னும் வாள் விலை கூடியது என்று நினைக்கிறார்கள். எமரி தாளும் மோட்டார் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்த வாளில் முத்திரைகள் மங்கி, விளிம்புகள் உருண்டு, பாதி மதிப்பு போயிருக்கும். கரும்பழுப்பு ஏறி, சின்னச் சின்னத் துருப்புள்ளியோடு, யாரும் கை வைக்காமல் இருப்பதற்குத்தான் சேகரிப்பாளர்கள் காசு கொடுக்கிறார்கள். கூர்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிப்பாய் வாள்களை மழுங்கலாகவே கொடுப்பார்கள், போருக்குக் கிளம்பும்போதுதான் கூர் பிடிப்பார்கள். ஆகவே விளிம்பு முழுக்கச் சீரான, பழுப்பேறிய பழைய கூர் இருந்தால் வாள் போர்முனைக்குக் கிளம்பியிருக்கலாம் என்பதற்கு அது ஒரு சின்னச் சாட்சி. பளபளவென்று குறுக்குக் கீறலோடு இருக்கும் கூர் யாரோ கொட்டகையில் கிரைண்டரில் பிடித்தது.

உங்கள் வாளுக்கு என் மதிப்பு: மேலே சொன்ன சோதனைகளில் தேறினால், படைப்பிரிவு முத்திரை இல்லாத பட்சத்தில், 500-லிருந்து 600 பவுண்டு. படத்தில் உறையின் நடுவில் ஒரு நசுங்கல் தெரிகிறது, அதைக் காட்டி 500-க்குக் கேளுங்கள். கடைக்காரரிடம் வாட்டர்லூ விஷயத்தில் சண்டை போட வேண்டாம். ‘ரிவெட் வைத்த கைப்பிடி, 1853 மாடல்தானே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிரில் இருப்பவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்து விலை தானாக இறங்கும். இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 1853 அரிய வாள் இல்லை, இந்த வருஷமே இன்னொன்று கண்ணில் படும். வாங்கினால் ரசீதில் ‘1853 மாடல் குதிரைப்படைச் சிப்பாய் வாள், 100 ஆண்டுக்கு மேல் பழையது’ என்று எழுதி வாங்குங்கள். ‘வாட்டர்லூ வாள்’ என்றே எழுதித் தருகிறேன் என்றால் இன்னும் நல்லது, பொய்யான விவரணை என்று பிற்பாடு காசைத் திரும்பக் கேட்க அதுவே ஆதாரம்.

அவசரம் இல்லையென்றால் அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். செல்சியில் இருக்கும் தேசிய ராணுவ அருங்காட்சியகம் உங்களுக்கு ரயில் தூரம்தான். லீட்ஸ் பக்கம் போனால் ராயல் ஆர்மரீஸ். அங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். கையில் எடுத்துப் பார்க்க ஏல நிறுவனங்களின் பார்வை நாள்தான் வழி. அனுமதி இலவசம், வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 50 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள வளைந்த வாள்களை விற்க இங்கிலாந்தில் 2008-இலிருந்து தடை உண்டு, ஆனால் 100 ஆண்டு கடந்த பழம்பொருளுக்கு அது பொருந்தாது. மேலே ரசீதில் வயதை எழுதச் சொன்னதற்கு இதுவும் காரணம். பொது இடத்தில் காரணமில்லாமல் வாளோடு நடப்பது குற்றம். ரயிலில் திரும்பாமல் காரில் போய் வாருங்கள், துணியில் சுற்றிக் கட்டி டிக்கியில் வையுங்கள், ரசீதைக் கூடவே வையுங்கள். என்றைக்காவது ஊருக்குக் கொண்டுபோகும் யோசனை இருந்தால், இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகு கொண்ட வாள் ஆயுதமாகவே கணக்கு. இறக்குமதி உரிமம் இல்லாமல் விமான நிலையத்தில் போய் நிற்காதீர்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மனம் மாறித் திரும்பக் கொண்டுவருவதும் சுலபமில்லை, 100 ஆண்டு கடந்த பொருள் என்றால் 1972 தொல்பொருள் சட்டம் ஏற்றுமதியைத் தடுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தேய்க்காதீர்கள். மெல்லிய துணியில் கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து, உறைக்கு வெளியே வைத்திருங்கள். தோல் கைப்பிடியில் எண்ணெய் படக் கூடாது. காப்பின் அடியில், அலகு நுழையும் இடத்தில், தூசிக்குப் பின்னால் சில நேரம் படைப்பிரிவு எழுத்து ஒளிந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து ஏதாவது தெரிந்தால் படம் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.